வெண்புள்ளிக்கு மெலனோடான் ஊசி: புதுச்சேரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

நம் ஊரில் தோல் மருத்துவரைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்காவது நிறம் கொஞ்சம் வெளுக்க வேண்டும். கறுக்க வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் வெண்புள்ளி உள்ளவர்கள் மட்டும்தான். வெளிநாட்டில் வெள்ளைத் தோல்காரர்கள் வெயிலில் படுக்காமலே பழுப்பு நிறம் வரவேண்டும் என்று திருட்டுத்தனமாகப் போட்டுக்கொள்ளும் ஊசி, கடலூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் ஃபிரிட்ஜுக்கு வந்து சேர்ந்த கதை இது. நான் புதுச்சேரியில் தோல் மருத்துவம் பார்க்கிறவள். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

வயது 27. செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை. வெண்புள்ளி வந்து 6 வருடம். இரண்டு கைகளின் விரல்கள், மணிக்கட்டு, வாயோரம், நெற்றியின் வலது ஓரம், முழங்கால்கள், பாதங்கள். கடைசி ஒரு வருடத்தில் புதிதாகப் பரவவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். இந்தத் தகவல் முதல் நாளே என் நோட்டில் இருந்தது. அது எதற்கு உதவும் என்பது அப்போது தெரியாது.

அவருடைய வேலையே கையால் பார்க்கும் வேலை. வாடிக்கையாளர் எதிரே நிற்க, மேசை விளக்கின் கீழே போனைப் பிரிக்க வேண்டும். "லைட்டைப் போட்டா போனைப் பார்க்க மாட்டாங்க மேடம், என் கையைத்தான் பார்ப்பாங்க" என்றார். என்னிடம் வருவதற்கு முன் யாரோ சொல்லி, கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். அந்த விதையில் சோரலென் இருக்கிறது. வெயில் பட்டால் அது வேலை செய்யும். அளவு மீறினால் சுட்டுவிடும். மணிக்கட்டில் கொப்புளம் போட்டு ஆறிய தழும்பு இருந்தது.

வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு வரன் கைநழுவியபோது அந்த வீட்டார் சொன்ன சொல் 'வெண்குஷ்டம்'. குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது தொற்றாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறமி செல்களை அழிப்பதால் வருவது. இதை அவருடைய அம்மாவுக்கே மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை

311 நானோமீட்டர் புற ஊதா ஒளிச் சிகிச்சை, செவ்வாயும் வெள்ளியும். கூடவே முகத்துக்கும் கைக்கும், தோலில் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைத் தணிக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு. ஒளிப்பெட்டிக்குள் நிற்கும்போது கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உள்ளாடை, இரண்டும் கட்டாயம். சில வாரங்களில் சுற்றுத் தோல் லேசாகக் கறுக்கும். கண்ணாடி மறைத்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். எங்கள் ஒளிச் சிகிச்சை சிஸ்டர் அதற்கு 'கண்ணாடித் தடம்' என்று பெயர் வைத்திருக்கிறார். தடம் நன்றாக விழுந்திருந்தால் தம்பி ஒழுங்காகக் கண்ணாடி போடுகிறார் என்று அர்த்தம்.

மூன்றாம் மாதம் நெற்றித் திட்டில் எள்ளைத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நிறமி செல்கள் பெரும்பாலும் முடியின் வேரிலிருந்து ஏறி வரும், அதனால்தான் முடி உள்ள இடத்தில் முதலில் புள்ளி புள்ளியாக நிறம் திரும்புகிறது. விரல் நுனியிலும் உதட்டிலும் முடி கிடையாது. அங்கே நிறம் வருவது கஷ்டம். ஏப்ரல் கடைசியில் இதை அவரிடம் விளக்கி, "கைக்கு நேரமாகும், ஆறு மாசமாவது பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்றேன். அவர் காதில் அது "கைக்கு வராது" என்று விழுந்ததாகப் பின்னால் சொன்னார். நான் சொன்ன விதம் அப்படி இருந்திருக்கலாம். அன்று வெளியே 20 பேர் காத்திருந்தார்கள்.

மே மாதம்: கண்ணில் பட்டவை

முதல் வாரம் வெள்ளிக்கிழமை வரவில்லை. செவ்வாயன்று வந்தபோது முகம் வாடியிருந்தது. மூன்று நாளாக வாந்தி, சாப்பாடு பிடிக்கவில்லை, முகத்தில் திடீர் திடீரென்று சூடு ஏறுகிறது. வீட்டுக்குப் பக்கத்து மருத்துவர் கேஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்திருந்தார். என் எதிரே உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தில் கொட்டாவி மேல் கொட்டாவி. "தூக்கம் இல்லையா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். விட்டுவிட்டேன்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றும் கேட்டிருக்கிறேன், நோட்டில் இருக்கிறது. "இல்ல மேடம்" என்பது பதில்.

மூன்றாம் வாரம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், தம்பிக்குக் கண்ணாடித் தடத்தைக் காணோம்." போய்ப் பார்த்தேன். முகம் முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தது, இமை உட்பட. ஒளிச் சிகிச்சையில் சுற்றுத் தோல் கறுப்பது சகஜம். மே மாத வெயில் வேறு. கடலூரிலிருந்து பைக்கில் வருகிறார். கண்ணாடியைக் கழற்றிவிடுகிறாரோ என்று நினைத்து, கண்ணில் புற ஊதா பட்டால் என்ன ஆகும் என்று ஒரு சிறிய பிரசங்கம் செய்தேன். ஒளியின் அளவை 20 சதவீதம் குறைக்கச் சொன்னேன்.

அந்த முடிவுக்கு நியாயம் இருந்தது. ஆனால் உள்ளாடை மறைத்த இடமும் கறுத்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் பிடிபட்டிருக்கும். அங்கே வெயிலும் படாது, ஒளிப்பெட்டி வெளிச்சமும் படாது.

கிளம்பும்போது அவர் கேட்ட கேள்வி: "கை முன்னைக்கு இப்ப இன்னும் வெளுத்துட்ட மாதிரி இருக்கே மேடம்?" கை வெளுக்கவில்லை. சுற்றிலும் கறுத்ததால் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது.

சனிக்கிழமை இரவு

நான்காம் வாரம் சனிக்கிழமை, இரவு 11 மணிக்கு மேல் அவருக்கு விறைப்பு ஏற்பட்டு, அது அடங்கவே இல்லை. ஆசை எதுவும் கிடையாது, வலி மட்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார், மொட்டை மாடியில் நடந்து பார்த்திருக்கிறார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவித்து, விடியற்காலை 4 மணிக்குத்தான் அம்மாவை எழுப்பி, "அடிவயிறு வலிக்குது" என்றிருக்கிறார். புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு வரும்போது 5 மணி ஆகிவிட்டது.

இப்படி 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது அவசர நிலை. உள்ளே தேங்கும் ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், தசை கெட்டுப்போகும். நேரம் கூடக் கூட, பிற்காலத்தில் ஆண்மை பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும். அவர் வந்தது ஏறக்குறைய ஆறாவது மணி நேரத்தில். ரத்த அழுத்தமும் 150/96 இருந்தது.

"மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று அங்கேயும் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் "இல்ல". அம்மா பக்கத்தில் நின்றார். பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர், ரசீது போட்டு வரச்சொல்லி அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கேள்வியை மாற்றிக் கேட்டார்: "தம்பி, ஊசி ஏதாவது போட்டுக்கிட்டீங்களா? ஜிம்ல குடுத்தது, ஆன்லைன்ல வாங்கினது?" அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மூன்று வாரமாக அவர் பொய் சொல்லவில்லை. மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டோம். அவர் சாப்பிடவில்லை, போட்டுக்கொண்டார்.

சிறுநீரக அறுவை மருத்துவர் ஊசி மூலம் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, ரத்த அழுத்தத்தைக் கண்காணித்தபடி, ரத்தக் குழாயைச் சுருக்கும் ஃபீனைலெஃப்ரின் மருந்தைச் செலுத்தினார். இரண்டாவது முறையில் அடங்கியது. மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குப்பியும் சிவப்பு மூடியும்

செவ்வாயன்று தனியாக வந்தார். சட்டைப் பையிலிருந்து டிஷ்யூ பேப்பரில் சுற்றிய குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். என் சுண்டுவிரலின் பாதி உயரம் இருக்கும். ரப்பர் மூடியில் ஊசி குத்திய துளைகள். லேபிளில் மெலனோடான் 2, 10 மி.கி., அடியில் பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல'. தயாரித்தவர் பெயர் இல்லை, உரிம எண் இல்லை. ஃபிரிட்ஜில் அம்மா மல்லிகைப்பூ வைக்கும் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தாராம். அப்பாவுடைய இன்சுலின் என்று அம்மா நினைத்திருக்கிறார்.

வெண்புள்ளிக்கு ஊசி வந்துவிட்டது என்று எங்கோ படித்திருக்கிறார். ஜிம்மில் பழக்கமான ஒருவர் மூலம் ஒரு டெலிகிராம் விற்பனையாளர். "அதே மருந்துதான்" என்று அவர் சொல்ல, இரண்டு குப்பி வாங்கியாகிவிட்டது. கூடவே ஆங்கிலத்தில் ஓர் அட்டவணைப் படம்: 2 மி.லி. கலப்பு நீரில் கரைத்து, இன்சுலின் சிரிஞ்சில் தினமும் 10 யூனிட். ஒரு குப்பி 20 நாள் வரும்.

"ஆனா எட்டு நாள்லயே தீர்ந்துடுச்சு மேடம். அளவு கம்மியா அனுப்பி ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அந்த எட்டுதான் உறுத்தியது. எந்த சிரிஞ்ச் என்று கேட்டேன். அப்பாவுடையதுதான், புதிதாகப் பிரித்தது, சிவப்பு மூடி போட்டது.

இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வெளிநாட்டு அட்டவணைகள் மி.லி.க்கு 100 யூனிட் சிரிஞ்சுக்காக எழுதப்பட்டவை. அதன் மூடி இங்கே ஆரஞ்சு. 100 யூனிட் சிரிஞ்சில் 10 கோடு என்றால் 0.1 மி.லி. 40 யூனிட் சிரிஞ்சில் அதே 10 கோடு 0.25 மி.லி. அட்டவணைப்படி போயிருக்க வேண்டியது 0.5 மி.கி., உள்ளே போனது 1.25 மி.கி. தினமும் இரண்டரை மடங்கு. 2 மி.லி.யை 0.25 ஆகப் பிரித்தால் எட்டு. கணக்குச் சரியாக இருந்தது. குப்பிக்குள் லேபிளில் போட்ட சரக்குத்தான் இருந்தது என்று வைத்துக்கொண்டால், அதாவது. அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கலப்பு நீரும் அப்படித்தான். அட்டவணை கேட்டது கிருமி வளராமல் பாதுகாப்புப் பொருள் சேர்த்த நீர். மெடிக்கலில் கிடைத்தது ஊசிக்கான சாதாரண ஆம்பூல் நீர், ஒரு முறை உடைத்தால் அந்த வேளைக்குத்தான். அதில் கரைத்ததை எட்டு நாள் குத்திக் குத்தி எடுத்திருக்கிறார். வயிற்றில் ஓரிடத்தில் மட்டும் பட்டாணி அளவு வீக்கம் இருந்தது. சீழ் பிடிக்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

அந்த ஊசி என்ன செய்கிறது

மெலனோடான் 2 அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் உருவான செயற்கைப் பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. நிறமி செல்களைத் தூண்டும் இயற்கை ஹார்மோன் ஒன்றின் நகல். தோலோடு நிற்காமல் மூளையிலுள்ள அதே குடும்பத்து ஏற்பிகளையும் தட்டும். அதனால்தான் குமட்டல், பசியின்மை, முகச்சூடு, கொட்டாவி, தானாக வரும் விறைப்பு. மே மாதம் முழுக்க அவர் என் முன்னால் வரிசையாகக் காட்டிய அத்தனையும் இதுதான். இந்த மருந்துக்கு எந்த நாட்டிலும் அங்கீகாரம் இல்லை. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே எச்சரித்தது. நீடித்த விறைப்பு, தசைச் சிதைவு, சிறுநீரகப் பாதிப்பு, மச்சங்கள் திடீரென்று மாறுவது, மெலனோமா தோல் புற்றுநோய் ஆகியவை குறித்துத் தனித்தனி நோயாளிகளின் அறிக்கைகள் மருத்துவ இதழ்களில் உண்டு. புற்றுக்கு ஊசிதான் காரணமா, ஊசி போடுகிறவர்கள் கூடவே வாங்கிக்கொள்ளும் புற ஊதா காரணமா என்று அவற்றைக்கொண்டு பிரிக்க முடியாது.

விற்பனையாளர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்ததை மறைக்கக் கூடாது. அஃபாமெலனோடைடு என்று இதன் உறவுக்கார மருந்து ஒன்று இருக்கிறது. வெயில் பட்டாலே வலியெடுக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்காக ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் அங்கீகாரம் பெற்றது. தோலுக்கு அடியில் வைக்கும் 16 மி.கி. குச்சி. இதை ஒளிச் சிகிச்சையோடு சேர்த்து வெண்புள்ளிக்கு ஆய்வு செய்திருக்கிறார்கள், பலனும் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்விலேயே சுற்றுத் தோல் கறுத்தது பிடிக்காமல் விலகியவர்கள் உண்டு.

காரணம் எளிது. இந்த மருந்துகள் இருக்கிற நிறமி செல்லைத்தான் வேலை வாங்கும். வெள்ளைத் திட்டில் அந்த செல்லே இல்லை. ஆளில்லாத வீட்டில் காலிங் பெல்லை அழுத்துவது போல. பக்கத்து வீடுகளில் மட்டும் எல்லோரும் எழுந்து விளக்கைப் போடுவார்கள். கறுக்க வேண்டிய கை அப்படியே இருக்க, கறுக்க வேண்டாத உடம்பு கறுத்தது.

எடுத்த முடிவுகள்

ஊசியை நிறுத்துவது முதல் முடிவு. மாற்று மருந்து கிடையாது, உடம்பு தானாக வெளியேற்ற வேண்டும். தசைச் சிதைவு நடந்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் கிரியேட்டின் கைனேஸ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம். முதலாவது சற்றே கூடுதல். ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது.

உடம்பு முழுக்க மச்சங்களைப் பார்த்தேன். பழையவை மை வைத்ததுபோல் கறுத்திருந்தன. முதுகில் ஜனவரிப் படத்தில் இல்லாத நான்கு புதிய புள்ளிகள். ஈறிலும் கறுப்பு. எல்லாவற்றையும் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மடாஸ்கோப்பில் படமெடுத்து வைத்தோம். விளிம்பு ஒழுங்கற்றிருந்த ஒரு மச்சத்தை மட்டும் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினேன். புற்று மாற்றம் இல்லை என்று வந்தது.

ஒளிச் சிகிச்சையை நிறுத்துவதா தொடர்வதா என்பதில்தான் தயங்கினேன். நிறுத்தினால் நெற்றியில் வந்த எள் புள்ளிகள் பின்வாங்கலாம், பையன் இன்னும் நொந்துபோவார். தொடர்ந்தால், தூண்டப்பட்டிருக்கும் மச்சங்களின் மேல் புற ஊதாவையும் பாய்ச்சுகிறோம். 6 வாரம் நிறுத்தினேன். முகத்துக்கு டாக்ரோலிமஸ் மட்டும் தொடர்ந்தது.

மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் மருந்துப் பாதகக் கண்காணிப்புத் திட்டத்துக்குப் படிவம் அனுப்பினோம். அங்கீகாரமில்லாத சரக்குக்கும் அனுப்பலாம், அனுப்ப வேண்டும். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பொதுமக்களும் சொல்லலாம். விற்றவரைப் பிடிக்க வழியில்லை. பில் கிடையாது, முகவரி கிடையாது, அந்த டெலிகிராம் கணக்கும் அதற்குள் காணாமல் போயிருந்தது.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவரையே கேட்டேன். "ஊசி போட்டேன்னு சொல்லிடலாம் மேடம். எங்க பிரச்சன ஆச்சுன்னு சொல்ல வேணாம்." அப்படியே செய்தோம்.

பின் நடந்தவை

குமட்டலும் கொட்டாவியும் நான்கைந்து நாளில் போயின. கறுப்பு இறங்க நான்கு மாதம் ஆனது. புதிய நான்கு புள்ளிகளில் இரண்டு மங்கின, இரண்டு நின்றுவிட்டன. அவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்துவருகிறோம். விறைப்பு சார்ந்த பாதிப்பு எதுவும் மிஞ்சவில்லை என்று மூன்றாம் மாதச் சோதனையில் சிறுநீரக அறுவை மருத்துவர் சொன்னார்.

ஜூலையில் ஒளிச் சிகிச்சையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கினோம். நெற்றியும் முழங்காலும் ஏறக்குறைய மூடிவிட்டன. மணிக்கட்டில் ஓரங்கள் சுருங்குகின்றன. விரல் நுனிகள் அப்படியேதான். நோய் நிலையாக இருப்பதால் தோல் ஒட்டு அறுவை பற்றிப் பேசியிருக்கிறோம். விரல் நுனியில் அதுவும் முழுதாக எடுக்காது என்பதை இந்த முறை தாளில் கை படம் போட்டு, எங்கே வரும், எங்கே வராது என்று கோடு கிழித்துக் காட்டினேன். வெளியே காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். படத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனார். இப்போதைக்கு முக்கியமான நாட்களில் நிறப்பூச்சு போட்டுக்கொள்கிறார், தண்ணீர் பட்டாலும் ஒரு நாள் தாங்குகிறது.

என்ன மாற்றியிருக்கிறோம்

கேள்வியை மாற்றியிருக்கிறோம். மருந்து சாப்பிடுகிறீர்களா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. "சாப்பிடுறது, பூசுறது, ஊசியா போட்டுக்கிறது, மூக்குல அடிக்கிறது, ஜிம்ல குடுக்கிறது, ஏதாவது இருக்கா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். வயது வந்தவர் யாராக இருந்தாலும் ஐந்து நிமிடம் கூட வந்தவர்கள் வெளியே. சில அம்மாக்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும். ஆண் நோயாளிகள் பெண் மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் விஷயங்களை எங்கள் ஆண் உதவியாளர் தனியாகக் கேட்டு எழுதித் தருகிறார்.

ஒளிப்பெட்டிக்குப் போகிறவர்களுக்கு மாதம் ஒரு முறை, மறைத்த இடத்தின் நிறத்தையும் மறைக்காத இடத்தின் நிறத்தையும் ஒப்பிட்டுக் குறித்துவைக்கிறோம். யோசனை சிஸ்டருடையது. சிரிஞ்ச் விஷயத்தைத் தெரிந்த மெடிக்கல் கடைக்காரர்கள் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் மட்டும், போன மாதம்கூட ஒரு ஜிம் பையன் ஆம்பூல் நீர் கேட்டு வந்தான் என்றார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒளிப்பெட்டியிலிருந்து வெளியே வந்தவரைச் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி முகத்தைப் பார்த்தார். பிறகு என் அறைக் கதவைத் தள்ளி, "மேடம், தம்பிக்குத் தடம் விழ ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.